கண்ணாடிக் கிண்ணத்தில் நான்கு வருடம்

ஈரானின் காஷான் நகரத்தில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைத் தன் பழைய காரில் ஏற்றி இறக்குவது நுஸ்ரத்தின் பிழைப்பு. காலையில் ஆறு பேர், மதியம் அதே ஆறு பேர். இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து கணவன் ஜலீலைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு மறுபடி வண்டியை எடுப்பாள். நாற்பத்தாறு வயது. கடைசியாக எப்போது உட்கார்ந்து தேநீர் குடித்தாள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜலீல் ஒருகாலத்தில் தெற்கே துறைமுகம் வரை லாரி ஓட்டியவன். நான்கு வருடத்துக்கு முன்னால், நவ்ரோஸ் புத்தாண்டின் பன்னிரண்டாம் நாள், சாப்பிட்ட கை கழுவப் போனவன் குழாயடியிலேயே சரிந்தான். வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயும் ஒருபக்கம் கோணிக்கொண்டது. மறுநாள் பதின்மூன்றாம் நாள். ஊரே விரிப்பும் தேநீர் போடும் சமோவாருமாக வெளியே கிளம்பும் நாள். புத்தாண்டு விரிப்பில் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த சிவப்பு மீனை ஆற்றிலோ முற்றத்துத் தொட்டியிலோ கொண்டுபோய் விடுவதும் அன்றைக்குத்தான். நுஸ்ரத் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தாள். மீனை விட ஆளில்லை. அது கிண்ணத்திலேயே தங்கிப்போனது.

ஜலீல் வீடு திரும்பியபோது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக் கிண்ணத்தை வைத்தாள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் வேறு யாரையும் அவன் விடவில்லை. பார்க்க வந்தவர்களிடம் தூங்குகிறார் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. கோணல் வாயை மனிதர்களுக்குக் காட்ட அவனுக்கு மனமில்லை. மீனுக்குக் காட்டினான். கண்ணாடியில் இடதுகை விரலை வைத்தால் அது வந்து முட்டும். அவன் சிரிப்பது அப்போது மட்டும்தான்.

நுஸ்ரத்தும் அதைக் குறைவில்லாமல்தான் பார்த்துக்கொண்டாள். வியாழன்தோறும் பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டி, கிண்ணத்தை உப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து நிரப்புவாள். ரொட்டித்துணுக்கு போடுவாள். நான்கு வருடமாகியும் மீன் சுண்டுவிரல் நீளத்தைத் தாண்டவில்லை. இருக்கிற இடத்துக்குத் தக்கபடி மீன் தன்னை அடக்கிக்கொள்ளும் என்று எல்லோரும் சொன்னார்கள்; அவளும் நம்பினாள். சமர்த்து மீன் என்றுகூட நினைத்தாள்.

இந்த வருடப் புத்தாண்டின் ஐந்தாம் நாள் நுஸ்ரத், ஜலீலின் அக்கா மாஹீன் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போனாள். முற்றத்துத் தொட்டியில் உள்ளங்கை அளவில் ஒரு சிவப்பு மீன் வாலை வீசிக்கொண்டு போனது. இது எப்போது வாங்கியது என்று கேட்டாள்.

"உன் மீனோட கூடப்பிறந்ததுதான்டி. ஒரே கடை, ஒரே நாள், ரெண்டு பேரும் சேர்ந்துதானே வாங்கினோம்" என்றாள் மாஹீன்.

நுஸ்ரத் நம்பாமல் குனிந்து பார்த்தாள். தன் மீன் விரல் நீளம்தான் என்று சொன்னாள்.

"இன்னும் அந்தக் கிண்ணத்துலயா வச்சிருக்க? நீ மீன் வளர்க்கறியா, ஊறுகாய் போட்டிருக்கியா?"

கேலி பண்ணியவள் பிறகு நிதானமாக எடுத்துச் சொன்னாள். மீன் அடங்கிப்போகவில்லை, நோய்ப்பட்டிருக்கிறது. அத்தனை சின்ன இடத்தில் அதன் கழிவே அதற்கு நஞ்சு. வாரம் ஒருமுறை எல்லாத் தண்ணீரையும் மாற்றுவது அதைவிட மோசம். குழாய்த் தண்ணீரில் கலக்கும் மருந்து செவுளைச் சுடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும், அதுவும் பிடித்துவைத்து, மருந்து போக இரண்டு நாள் ஆறிய தண்ணீராக. முதுகு வளைந்திருக்கிறதா என்று கேட்டாள். வளைந்திருந்தது. இனி நிமிராது என்றாள் மாஹீன். இடம் கொடுத்தால் பிழைத்தாவது கிடக்கும்.

நுஸ்ரத் வீட்டுக்கு வந்து கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தாள். மீன் தண்ணீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பசி என்று நினைத்து இத்தனை நாள் ரொட்டி போட்ட அதே வாய். ஜலீலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முற்றத்துத் தொட்டி வருடக்கணக்காகக் காய்ந்து கிடக்கிறது, கழுவி நிரப்பிவிடலாம் என்றாள்.

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வேணாம்." ஒவ்வொரு சொல்லையும் இழுத்துத்தான் அவனால் பேச முடியும். "அங்க போனா... நான் பாக்க முடியாது."

அது உண்மை. கட்டிலிலிருந்து முற்றம் தெரியாது. அவனை வெளியே கொண்டுபோக இரண்டு படி இறக்க வேண்டும். அவள் ஒருத்தியால் ஆகாது. மாடியில் குடியிருக்கும் ரொட்டிக்கடை கொத்ரத்தைக் கூப்பிட வேண்டும். முற்றம் மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் நடக்கிற இடம். நுஸ்ரத் அவனை வற்புறுத்தவில்லை. கிண்ணத்தைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்தினாள்.

இரண்டு நாள் ஜலீல் மீனையே பார்த்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள் மதியம் அவள் கஞ்சியோடு வந்தபோது அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. செவுள் மட்டும் அசைந்தது. அவன் விரலைக் கண்ணாடியில் வைத்தான். அது வரவில்லை.

"தொட்டிய நிரப்பு" என்றான்.

அன்றே கழுவி நிரப்பினாள். உடனே விடக் கூடாது, தண்ணீர் ஆற வேண்டும் என்று மாஹீன் சொல்லியிருந்ததால் இரண்டு நாள் பொறுத்தாள். அதுவரை கிண்ணத்தில், வாளியில் ஆறவைத்த தண்ணீரைக் கையளவு கையளவாக மாற்றினாள். மீன் ஒருவழியாகச் சாய்வு நீங்கி நேராக நீந்தியது. மூன்றாம் நாள் காலை கிண்ணத்தைத் தூக்கப் போனவளின் கையை ஜலீல் பிடித்துக்கொண்டான்.

"நானும்."

மாடிப்படி ஏறிப்போய்க் கொத்ரத்தை அழைத்தாள். அவன் விடியுமுன் அடுப்பு மூட்டி, பத்து மணிக்குத் திரும்புகிறவன். கையெல்லாம் மாவோடு வந்தான். நான்கு வருடம் தலைக்குமேல் குடியிருந்தும் ஜலீலைப் பார்த்ததில்லை. ஒரு கணம் வாசலில் நின்றான். பிறகு உள்ளே வந்து, ஜலீலை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

"அண்ணே, மாவு மூட்டைனா நாலு மூட்டை சேர்த்து எடுப்பேன். நீங்க அதுக்கும் மேல இருக்கீங்களே. அண்ணி கவனிப்பு அப்படி போல."

ஜலீல் சிரிக்கவில்லை. இடதுகையால் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

நாற்காலியைத் தொட்டி ஓரத்தில் இறக்கியதும் நுஸ்ரத் கிண்ணத்தைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். சூடும் குளிரும் ஒன்றாகட்டும் என்று காத்திருந்து, சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீரை உள்ளே விட்டு, கடைசியில் சாய்த்தாள். மீன் வெளியே வந்து, அசையாமல் நின்று, பிறகு அடிப்பக்கம் இறங்கியது. நாற்காலியில் இருந்தபடி ஜலீலுக்குத் தெரியவில்லை. தேட முன்னால் சாய்ந்தான். விழாமலிருக்க இடதுகையால் தொட்டி விளிம்பைப் பற்ற வேண்டியிருந்தது. கை வாயிலிருந்து விலகியது.

அப்போது கொத்ரத்தின் மனைவி துணிக்கூடையோடு படி இறங்கி வந்தாள். பார்த்துவிட்டாள். அவளும் நின்று, தலையைத் தாழ்த்தி, புத்தாண்டு வாழ்த்துச் சொன்னாள்.

விளிம்பிலிருந்து கையை எடுத்தால் மீனைப் பார்க்க முடியாது. ஜலீல் கையை எடுக்கவில்லை. கோணிய வாயாலேயே பதில் வாழ்த்துச் சொன்னான். பிறகு கொத்ரத் பக்கம் திரும்பி இன்னும் ஏதோ சொன்னான். கொத்ரத்துக்குப் புரியவில்லை. நுஸ்ரத் எடுத்துச் சொல்ல வாயெடுத்தாள். ஜலீல் தலையை ஆட்டித் தடுத்தான். மூச்சைப் பிடித்து, இரண்டாம் தடவை தானே சொன்னான்.

"நாளைக்கும் வா."

"வரேண்ணே" என்றான் கொத்ரத்.