கறுப்பு அங்கியில் இரண்டு படங்கள்

லண்டனில் ஒரே வீட்டில் ஆறேழு பேர் தனித்தனி அறைகளில் குடியிருப்பார்கள். வாசலில் ஆளுக்கொரு அழைப்பு மணி, அதன் பக்கத்தில் பெயர் எழுதிய சீட்டு. நான் குடிவந்த அன்றே நல்ல அட்டையாக வெட்டி, கொட்டை எழுத்தில் என் பெயரை எழுதி, பின்னால் 'பி.ஏ. (ஃபெயில்ட்)' என்றும் சேர்த்து ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பினால் அட்டையைக் காணோம். வீட்டுக்கார அம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கோப்பைத் தேநீரும் போட்டுவைத்துக் காத்திருந்தாள். உன்னை இப்படி எழுதச் சொல்லி அவமானப்படுத்தியது யார் என்று கேட்டாள்.

நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமிருக்காது. நான்கு வருஷம் கல்லூரியில் படித்துக் கடைசிப் பரீட்சையில் கோட்டை விட்டவனுக்கு அதுவும் ஒரு பட்டம்தான். வேலைக்கு மனுப் போடும்போது கூசாமல் எழுதுவோம். எஸ்.எஸ்.எல்.சி.காரனுக்கு ஒரு படி மேல் அல்லவா? பொய் சொல்லவும் மனமில்லை, படித்ததை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த அம்மாளுக்கு விளக்கினேன். பரீட்சையில் என்னைக் கவிழ்த்ததே அந்த இங்கிலீஷ்தான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மறுபடி எப்போது எழுதப் போகிறாய்?" என்றாள். ஊரில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் ஒரு படம்.

ஐம்பதுகளின் கடைசியில், பாளையங்கோட்டையில் பரீட்சை எழுதிவிட்டுத் தென்காசிக்கு வந்து முடிவுக்காகக் காத்திருந்தேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. அப்பா தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒருநாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு என்னை அருவிக்குக் கூட்டிப்போனார். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும்போது, சீசனுக்காகப் போட்டிருந்த போட்டோ ஸ்டுடியோவில் பட்டதாரிகள் போடும் கறுப்பு அங்கி ஒன்று தொங்குவதைப் பார்த்துவிட்டார்.

"ரிசல்ட் வரட்டுமேப்பா" என்றேன்.

"வராம எங்க போவுது? போயி நில்லுலே. அந்தக் கறுப்புச் சட்டையை மாட்டு."

பட்டச் சான்றிதழுக்குப் பதில் ஸ்டுடியோக்காரர் ஒரு பழைய காலண்டர் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் பேப்பரில் என் நம்பர் இல்லை. அதற்குள் படம் கண்ணாடிச் சட்டத்தோடு முன்னறைச் சுவரில் ஏறியிருந்தது. கழற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது அப்பா, "படத்துல ஃபெயிலுன்னா எழுதியிருக்கு? சும்மா கெடலே" என்றார்.

சுரண்டையிலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதை அண்ணாந்து பார்த்தார்கள். "பொண்ணுக்கு அண்ணன் பி.ஏ.வா, அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அப்பா ஆமாம் என்றார். நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் நான் எப்படிப் பரீட்சைக்கு மனுப் போடுவது? பி.ஏ. பாஸானவன் மறுபடி ஏன் எழுதுகிறான் என்று ஊரே கேட்கும். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. கப்பலேறியதற்குப் பிழைப்பைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம் அந்தச் சுவர்.

வீட்டுக்கார அம்மாள் கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். பகலில் தபால் பிரிக்கும் வேலை, மாலையில் கல்லூரி. நான் எழுதும் கட்டுரைகளை அவள் வாங்கிப் படித்து, பிழைகளைப் பென்சிலால் சுழித்துச் சுழித்துத் திருப்பிக் கொடுப்பாள். கோபம் வரும், ஆனாலும் திருத்தி எழுதுவேன். முதல் தடவை விழுந்தேன். மறுநாளே அடுத்த தடவைக்குப் பெயர் கொடுத்தேன். தபால் பிரிக்கும் இடத்தில் எல்லாரிடமும் ஃபெயில் என்று நானே சொன்னேன். ஒளித்து வைக்க ஒன்றுமில்லாமல் தோற்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆறாம் வருஷம் பாஸ் செய்தேன். அங்கியைப் போட்டு, உண்மையான பட்டத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்து, அன்றே அப்பாவுக்கு அனுப்பினேன். மணிக்குப் பக்கத்தில் இப்போது வெறும் பெயர்தான்.

அப்பாவின் பதில் வர ஒரு மாதமாயிற்று.

"படம் கெடச்சுது. ஆனா இத மாட்ட முடியாதுலே. மாட்டுனா அது என்ன, இது என்னன்னு சுரண்டை சம்பந்தி கேப்பாரு. உன் தங்கச்சி அங்கன தலை நிமுந்து இருக்கணும். பெட்டிக்குள்ள, உங்கம்மா சேலைக்கு அடியில வச்சுப் பூட்டியிருக்கேன். காலையில கடைக்குப் போகும்போது ஒருதரம் எடுத்துப் பாத்துட்டுதான் போறேன். செவுத்துல இருக்கறத நான் இப்பம் பாக்குறதில்ல."

படித்துவிட்டு அழுதேன். எவ்வளவு கேட்டாலும் அவர் அந்தப் பழைய படத்தைக் கழற்ற மாட்டார். எனக்கும் இனிக் கேட்க மனமில்லை. தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றும் அண்ணாந்து பார்ப்பது, ஈரத்தலையோடு காலண்டர் தாளைப் பிடித்து நிற்கும் அந்தப் பையனைத்தான். நான் அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறேன். காலையில் ஒருதரம் அப்பா திறப்பார்.