துணிப்பந்தின் சத்தம்

மகள் வீட்டில் புதுக் கதவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கின் வாசனை மூக்கில் ஏறியதும் நான் ராயபுரத்துக்குப் போய்விட்டேன். மதுவிலக்கு இருந்த காலம். மாதா கோயில் பாட்டுக் குழுவுக்காக நைனா தன் கையால் செய்த கிடார் ஜன்னலோர மேசையில் கிடக்கிறது.

பஞ்சைத் துணியில் பொதிந்து, பிரெஞ்சு பாலிஷைத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக நைனா தேய்ப்பார். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது, இப்படியே வாரக்கணக்கில். துணிப்பந்தின் சரக் சரக் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அம்மா அடுப்படியில் பேசாமல் மீன் ஆய்வாள். நின்றால் போதும், தலையைத் தூக்குவாள்: "இன்னாய்யா, சத்தத்தக் காணோம்?" சாராயம் கிடைக்காமல் பாலிஷ் ஸ்பிரிட்டையே குடித்த ஆட்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். "காயுது, இரு" என்பார் நைனா.

ஒருமுறை ஸ்பிரிட் வழக்கமான கடையிலிருந்து வரவில்லை. அன்று சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது சத்தம் வெகுநேரம் நின்றிருந்தது. "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு" என்றார். நான் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் சத்தம் நிற்கவேயில்லை. அம்மா நிம்மதியாக மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்தான் பார்த்தேன், துணிப்பந்து கிடாரை விட்டு விலகி வெறும் மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாத்துக்குக் கண்ணு ஜன்னல சாத்துன?" என்றார் நைனா.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெயில் அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.