நாலணாக் கூலி

பஞ்சாங்கம் பார்த்த அப்பா சந்தையைப் பார்க்கவில்லை. எங்கள் குடிமாற்றத்தில் நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை முடிய இரண்டு நாள்தான் இருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். இருந்த ஒரே நல்ல நாளை அப்பா குறித்துவிட்டார். அதே நாளை ஊரில் பாதிப் பேர் குறித்திருந்தார்கள். போதாததற்கு அன்று சந்தை வேறு. செவ்வாய்ப்பேட்டையில் சந்தையன்று வண்டி கிடைப்பதும் குதிரைக்குக் கொம்பு முளைப்பதும் ஒன்று. மற்ற நாளில் எட்டணாவுக்குச் சூரமங்கலம் வருகிற வண்டிக்காரர், அன்று முழுதாக ஒரு ரூபாய் கேட்டார். அப்பா பேரம் பேசினார். வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நாளைக்குன்னா நானே எட்டணாவுக்கு வாரனுங்க" என்றார். அந்த நாளைதான் எங்களிடம் இல்லையே.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்துத் தறிக்குழிகளில் உட்கார்ந்து சேலை நெய்துகொண்டிருந்தவர்கள். ஆடிக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. சண்டை எதில் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. கொல்லையில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் தொடங்கியது என்பாள் அம்மா. எதுவானாலும், அண்ணனிடம் இனி ஒரு தூசிக்குக்கூடக் கடன்படக் கூடாது என்று அப்பா வைராக்கியமாக இருந்தார். சூரமங்கலத்தில், ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வாடகை வீடு பிடித்து, அங்கே தறிக்குழியையும் தானே வெட்டிவிட்டு வந்திருந்தார்.

அன்று காலை தெருவே பனியில் மிதந்துகொண்டிருந்தது. எதிர் வீடு தெரியவில்லை. அங்கே தறியில் நாடா ஓடும் சத்தம் மட்டும் வந்தது. அண்டா, குண்டா, உரல், பாய், படுக்கை எல்லாம் வண்டியில் ஏறின. அம்மா உப்பும் மஞ்சளும் காமாட்சி விளக்கும் வைத்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். படுக்கைச் சுருளின் மேல் நான். அவ்வளவு உயரத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. வீடுகள் எல்லாம் நுரைத்த பாலில் போட்ட வெல்லக்கட்டிகளைப் போல மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்ததாக ஞாபகம்.

வண்டியில் ஏறாமல் மிச்சம் நின்றது பாவு. தறியில் பாதி நெய்த சேலை. நெய்த பகுதியைச் சுருட்டிய மரம், நெய்யாத இழைகள், நடுவில் அவற்றைக் கோத்த அச்சு, எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தபடி ஒரு நீள மூங்கிலில் கட்டப்பட்டிருந்தது. பாதி நெய்த பாவை அறுக்கக் கூடாது என்பது எங்களவர் வழக்கம். வண்டியில் போட்டால் குலுக்கலில் இழை அறும், சக்கரத்து மசகு படும். அதனால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்து நடந்தே கொண்டுபோக வேண்டும். தரையிலும் வைக்கக் கூடாது. நூல், நெய்யக் கொடுத்த கடைக்காரருடையது. கெட்டால் கூலியும் போய் நூலுக்கும் பணம் கட்ட வேண்டும். அப்படி ஒன்று நடந்தால் புது வீட்டில் அடுப்பு எரியாது என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஒரு முனை அப்பாவுக்கு. மறுமுனைக்குச் சந்தையில் மூட்டை தூக்கும் ஓர் ஆளை நாலணாவுக்குப் பேசியிருந்தார். அந்த ஆள் வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரர் இரண்டு தரம் கனைத்துவிட்டார். அப்பா தெருமுனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

அப்போதுதான் பெரியப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, மூங்கிலின் பின்முனைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "நாலணாவுக்கு ஆள் பேசியிருக்குதுங்க. வந்துருவான்" என்றார்.

"அவன் சந்தையில மொளகா மூட்டை தூக்கிட்டிருக்கறான். வரமாட்டான். அந்த நாலணாவ எனக்குக் குடு. நான் வாரேன்."

அப்பா தெருமுனையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "கூலிக்குத்தானுங்களே?" என்று கேட்டார்.

"கூலிக்குத்தான். சும்மா தூக்கறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?"

மூங்கில் மேலே எழுந்தது. வண்டி புறப்பட்டது.

அந்தப் பயணம் இன்றும் எனக்குக் கனவில் வருகிறது. வண்டி முன்னால், அதன் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் பாவு முழுநீளத்துக்கும் மெல்ல ஆடிக்கொண்டு, கடைசியில், பனிக்குள் பாதி உருவமாகப் பெரியப்பா. இருவர் காலும் ஒன்றாக விழுந்தன. தோள் மாற்ற வேண்டுமென்றால் பெரியப்பா "ம்" என்பார். அப்பா உடனே மாற்றுவார். மாட்டுச் சலங்கையும் அந்த "ம்"மும் மட்டும்தான் சத்தம். வடக்கே சேர்வராயன் மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மலையும் இன்று வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

விழித்தபோது ரயில்வே கேட்டில் நின்றிருந்தோம். கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

கஞ்சி போட்ட பாவு. நனைந்தால் இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு தறியில் ஏறாது. அம்மா, "ஐயோ, மாரியாத்தா" என்று கூடையை இறுக்கிக்கொண்டாள். அப்பா அப்படியே உறைந்து நின்றார். மூங்கிலைக் கீழே வைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது.

"துண்டப் போடு, சின்னவனே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு பெரியப்பா அப்பாவை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா துண்டை உருவிப் போட்டார். பெரியப்பா தோளில் கிடந்த தலைப்பாகைத் துணியையும் போர்வையையும் எட்டிய மட்டும் வீசி விரித்தார். வண்டிக்காரர் என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எனக்கு அடியிலிருந்த பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்.

"பாவு நனையக் கூடாதுன்னு மனுசரு நனையறீங்களே, சாமி!" என்று அவர் சிரித்தார்.

கேட் திறக்கும்வரை அண்ணனும் தம்பியும் வெற்று மேனியாய் அந்தத் தூறலில் நின்றார்கள். பெரியப்பாவின் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூங்கில் ஆடவில்லை.

புது வீட்டில் உப்பும் மஞ்சளும் விளக்கும் உள்ளே போயின. பாவும் ஓர் இழை அறாமல் உள்ளே போயிற்று. அம்மா பால் காய்ச்சினாள். அப்பா வண்டிக்காரருக்கு ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு, மடியைத் துழாவி, இருந்த சில்லறையைப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

வேண்டாம் என்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். விருந்தாளிகள் என் கையில் காசு கொடுக்கும்போது அம்மா சொல்வாளே, அந்த மாதிரி. பெரியப்பாவோ கையை விரித்து வாங்கிப் பார்த்தார்.

"ஓரணா கொறையுது. பேசுனது நாலணா."

அப்பாவிடம் வேறு காசு இல்லை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓரணாவை எடுத்து நிலைப்படிமேல் வைத்தாள். அதையும் எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டார். நின்றபடியே பால் குடித்தார். "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஈரப் போர்வையை உதறிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

அம்மா அடுப்படியில் அழுதாள். அந்த ஓரணாவுக்காகத்தான் அழுகிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பாவுக்கு மட்டும் கோபம் இல்லாதது பெரிய ஆச்சரியம். வாசலில் நின்று, பெரியப்பா சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று அப்பாவே எங்களைப் பழைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரும் கூப்பிடவில்லை. எந்தக் கூச்சமும் இல்லாமல் நேராக உள்ளே போய், அண்ணனின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு கடைச் சரக்குங்கண்ணா?" என்று நூலைத் தொட்டுப் பார்த்தார். நான் உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, எங்கள் நாலணாவைத் திருப்பிக் கொடுத்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா குழியிலிருந்து எழுந்து வந்து, என் உயரத்துக்குக் குனிந்தார்.

"அது நான் பாடுபட்டுச் சம்பாதிச்ச காசு, சாமி. தரமாட்டேன். அது என்கிட்ட இருக்கற மட்டுக்குந்தான் உங்கப்பன் கடனில்லாத மனுசனா இந்த ஊட்டுக்கு வருவான்."

பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல், எதற்காக அவ்வளவு நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு பேராசை பிடித்த மனிதரிடமிருந்து தப்பித்துச் சூரமங்கலம் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.