சிவப்பு டேப்பைப் பிரித்த கை

கடைத்தெருவில் அவரை எல்லோரும் டேப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். வைரஸ் பிடித்த ஹார்ட் டிஸ்க் ஏதாவது கடைக்கு வந்தால், வயர் செருகும் வாயின் மேல் சிவப்பு டேப்பை இறுக்கி ஒட்டிவிடுவார். அப்புறம் யாரும் மறதியாகக்கூட அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்ட முடியாது. ஒட்டிய கைதான் பிரிக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம்.

இந்தத் தொழிலை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. ரேடியோ பட்டறையில் ஈயம் உருக்கியவர். ஓடாத கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டு, மாட்டி, மறுபடி பிரித்துக் கற்றுக்கொண்டார். பட்டறைப் பழக்கம் மட்டும் விடவில்லை. சோதித்துப் பார்க்காமல் ‘முடிஞ்சது’ என்ற சொல் அவர் வாயில் வராது. “இவர்கிட்ட மாட்டுன வைரஸ் சன்னியாசம் வாங்கிடும்” என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கிண்டல் செய்வார்.

கடையின் கோடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஒதுங்கியே இருந்தது. நெட் கிடையாது, சொந்த டிஸ்க்கும் கிடையாது. பென் டிரைவில் இருக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்து அதை எழுப்புவார். நோய்வாய்ப்பட்ட டிஸ்குகளை அதில்தான் திறப்பார். படங்கள், எழுதி வைத்தவை என்று வேண்டியதை மட்டும் வெளியே எடுப்பார். புரோகிராம் என்று பெயருள்ள எதையும் தொடமாட்டார். பிறகு டிஸ்க்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழுக்க அழிப்பார். பெரிய டிஸ்க் என்றால் அதற்கே ஒரு பகல் போய்விடும். அதன் உடம்பு நன்றாக இருக்கிறதா என்றும் பார்த்த பிறகுதான் இன்னொரு கம்ப்யூட்டருக்குள் அனுப்புவார்.

கடையில் கூட்டாளி அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. வேலை இவருடையது, வாய் அவனுடையது. வந்த ஆளை உட்கார வைத்துச் சிரிக்க வைக்க அவனை விட்டால் ஆள் இல்லை. கடைச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு இவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இவருடைய அக்கா எம்பிராய்டரி மெஷின் வைத்திருந்தாள். பூ, கொடி, பறவை என்று ஒவ்வொரு தையலையும் கம்ப்யூட்டரில் தானே வரைந்து சேர்த்தவள். அவளுடைய பிழைப்பே அந்த டிசைன்களில்தான் இருந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றாள். மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பெரிய டிஸ்க் இவரிடம் இருந்தது. உள்ளே வைரஸ் மண்டிக் கிடந்தாலும் உடம்பு திடமாக இருந்தது. டேப் ஒட்டி அலமாரியில் வைத்திருந்தார்.

“அழிச்சு, சோதிச்சு, நானே கொண்டாந்து மாட்டுறேன்க்கா. கொஞ்சம் பொறு.”

“உன்கிட்ட ஒரு வேலை சொன்னா கூடவே ஒரு மூட்டை பொறுமையும் வேணும்டா.”

“டேப் இல்லாத டிஸ்க் என் கடையிலேருந்து வந்தா கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கலாம். அதுக்குத்தான் இவ்வளவும்.”

அந்த வாரம் ஒரு தொழிற்சாலை வேலைக்காக வெளியூர் போனார். திரும்பி வந்து பையை இறக்கி வைக்கும்போதே போன் வந்தது. “டேய், என் டிசைன் ஒண்ணுகூடத் திறக்க மாட்டேங்குது.”

போட்டது போட்டபடி ஓடினார். திரையில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் புரியாத ஒரு வால் முளைத்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அதே டிஸ்க். டேப் இல்லை.

“புது டிஸ்க்ல போட்டோன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. என்னன்னு பார்க்கத் திறந்தேன்” என்றாள் அக்கா. அது ஃபோல்டர் வேஷம் போட்ட வைரஸ்; திறந்ததும் கோப்புகளையெல்லாம் பூட்டிப் போட்டுவிட்டது.

“டிசைனுக்கு வேற காப்பி எங்கக்கா?”

“நீ குடுத்த டிஸ்க்லதான். அதுக்குத்தானே கேட்டேன்?”

“நானா குடுத்தேன்?”

“உன் மச்சான் கொண்டாந்தான். நீயே உக்காந்து சுத்தம் பண்ணிக் குடுத்தனுப்பினதா சொன்னான்.”

கடைக்குத் திரும்பியதும் மைத்துனன் முந்திக்கொண்டான். “பார்மட் பண்ணேனே மாமா!”

“அதுல ரெண்டு பாகம் இருந்துச்சு. நீ ஒண்ணைத் துடைச்சிட்டு, வைரஸ் இருந்ததை விட்டுட்ட.”

“உங்க அக்கா தினமும் போன் பண்ணி அவசரப்படுத்தினாங்க.”

“அவசரத்துல டேப்பைப் பிரிச்ச, சரி. நான் பண்ணேன்னு ஏன்டா சொன்ன?”

மைத்துனன் ஸ்க்ரூ டிரைவரை விரலில் உருட்டினான். “என் பேரைச் சொன்னா அவங்க வாங்கியிருக்க மாட்டாங்க மாமா.” பிறகு குரலை இறக்கினான். “அப்படியே இருக்கட்டுமே. நீங்க கூடப் பிறந்தவரு, திட்டிட்டு விட்டுடுவாங்க. நான் வெளி ஆளு.”

வீட்டில் மனைவியும் தம்பி பக்கமே நின்றாள். “அவன் சொல்றதும் ஞாயம்தானே?”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அவன் டிஸ்க்கை எடுத்துட்டுப் போகும்போது பார்த்தேன். சொன்னா சண்டைதான் வரும்னு வாயை மூடிக்கிட்டேன்.”

இத்தனை வருஷமாக வெளியிலிருந்து வரும் வைரஸைத்தான் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார். அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். மெஷினில் நூலில்லை.

“உன் மச்சான் காலையிலயே வந்துட்டுப் போயிட்டான். நீ அவசரத்துல பிரிச்சுக் குடுத்துட்டியாம், இப்போ பழியை அவன் தலையில கட்டப் பார்ப்பியாம், அவன் தாங்கிக்குவானாம்.”

“நீ அதை நம்புறியா?”

“ஒட்டுன கைதான் பிரிக்கும்னு ஊர் பூரா சொன்னவன் நீதானே? நான் யாரை நம்பட்டும்?”

கம்ப்யூட்டரை எடுத்துப் போகிறேன், ஏதாவது மிஞ்சுமா பார்க்கிறேன் என்று அவர் கெஞ்சினார்.

“வேண்டாம். வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன். நீ தொட்டது போதும்.”

இரண்டு நாள் கழித்து, ஊரின் மறுகோடியில் புதிதாகக் கடை போட்டிருந்த மெக்கானிக் போன் செய்தான். சந்தேகம் என்றால் இவரைக் கேட்பது தொழில்காரர்களின் வழக்கம்.

“அண்ணே, எம்பிராய்டரி போடுற அம்மா ஒருத்தங்க ரெண்டு டிஸ்க் குடுத்திருக்காங்க. எல்லாம் பூட்டிக்கிச்சு. எப்பிடி மாட்டிப் பார்க்கறது?”

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உன் வேலை கம்ப்யூட்டர்ல மாட்டிடாதே. தனியா ஒண்ணு எடுத்து, அதோட டிஸ்க்கைக் கழட்டிட்டு, பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டுத் திற. பூட்டின டிசைனை அழிச்சிடாதே, அப்படியே ஒரு காப்பி எடுத்து வை. என்னிக்காவது சாவி வெளிய வரலாம். மெஷின்ல போடுற பென் டிரைவையும் அந்த அம்மாகிட்ட கேளு. கடைசியா தைச்ச பூ கொஞ்சம் அதுல மிஞ்சியிருக்கும்.”

“அந்தப் பழைய டிஸ்க்?”

“ரெண்டு பாகத்தையும் சேர்த்து முழுக்க அழி. பார்மட் மட்டும் பத்தாது.”

“சரிண்ணே.” பையன் உச்சுக் கொட்டினான். “சொந்தத் தம்பியே குடுத்த டிஸ்க்காம். கூடப் பிறந்தவளுக்கு இப்பிடிச் செய்ய எப்பிடிண்ணே மனசு வருது?”

பின்னால் மைத்துனன் யாரோ வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

“முதல்ல நெட் வயரைக் கழட்டு” என்றார் அவர். “கழட்டிட்டியா?”