முன் அறைக்கு ஓர் அடுப்பு

அடுப்பு வாங்கப் போகிறோம் என்று யாரிடமாவது சொன்னால் போதும், "காஸோ, கரண்டோ?" என்று கேட்டுவிடுவார்கள். லண்டன் லூயிஷாமில் இருக்கும் என் தங்கை ஒருபடி மேலே போய், "அக்கா, அவண் உள்ளதாப் பாத்து வாங்குங்கோ, கேக் அடிக்கலாம்" என்றாள். சமைக்க இல்லையடி, குளிருக்கு, முன் அறையில் வைக்க என்றேன். "ஹோலுக்கை அடுப்போ? உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே?" என்றாள். எங்களுக்கு அடுப்பென்றால் சோறும் கறியும்தான். வீட்டைச் சூடாக்குகிற அடுப்புக்கு ஒரு சொல் இல்லாமல் நான் பட்ட பாடு!

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டைச் சூடாக்கப் பொயிலரும் ரேடியேட்டரும் இருக்கத்தான் இருந்தன. ஆனால் என் கணவருக்குக் குளிர் விடவில்லை. நெஞ்சில் வந்த கட்டி எலும்புக்கும் போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்திருந்தார்கள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, போர்வையையும் சுற்றிக்கொண்டு, முன் அறைச் சுவரில் அடைத்துக் கிடந்த பழைய சிம்னியின் முன்னால் உட்கார்ந்திருப்பார். "இதுக்குள்ளை ஒரு அடுப்பு வைப்பம்" என்று ஒருநாள் அவரே சொன்னார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அடுப்பு வாங்க நினைக்கிற மனுசன் அதன் முன்னால் இருக்கவும் நினைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

நான் விறகு அடுப்பென்று நின்றேன். அவர் பெலட் அடுப்பென்று நின்றார். லண்டனுக்கு வருமுன் சுவிஸில் இருந்தவர். அங்கே கண்டதெல்லாம் அவருக்கு வேதம். மரத்தூளை அழுத்திச் சின்னச் சின்னக் குச்சிகளாக்கிப் பையில் விற்பார்களாம், அதுதான் பெலட். அடுப்பின் மேலே கொட்டி ஒரு பட்டனைத் தட்டினால் கரண்டில் தானே பற்றி, தானே இழுத்துப் போட்டு எரியுமாம்.

"தொடங்கிட்டார் சுவிஸ் புராணம்! கரண்ட் போனா என்ன செய்வியள்?"

"லண்டனிலை எங்கையப்பா கரண்ட் போறது?"

"விறகெண்டா கண்ணுக்கு நெருப்புத் தெரியும்."

"புகையும் தெரியும். கவுன்சில்காரன் கண்ட அடுப்பையும் எரிக்க விடான். அதோடை விறகு கொத்த வேணும், உள்ளுக்குக் காவிக்கொண்டு வர வேணும், விடியப்புறம் எழும்பிப் பத்த வைக்க வேணும். ஆர் செய்யிறது?"

"ஏன், நீங்கள் இருக்கிறியள்தானே?"

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நான் விடவில்லை. பச்சை விறகாக வாங்கிப் பின்வளவில் அடுக்குவோம், ஆறுதலாகக் காயட்டும், வாற வருஷம் எரிப்போம் என்றேன். வாற வருஷம், வாற வருஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது வந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. "ஓம், பாப்பம்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஹவுன்ஸ்லோ பக்கம் நாங்கள் பார்க்கப் போன கடையில் இரண்டு வகை அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. நான் விறகு அடுப்பின் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைக்காரனைப் பிடித்து வைத்துத் தோண்டித் தோண்டிக் கேட்டார்: சாம்பலை எப்படி அள்ளுவது, பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள், வீட்டில் ஓர் ஆள் தனியாக இருந்தால் சமாளிக்கலாமா. கடைசிக் கேள்வி என் காதில் விழாத மாதிரி நின்றேன்.

பிறகு கீழே கிடந்த பெலட் பையைக் காட்டி, "இஞ்சாரும், இதை ஒருக்காத் தூக்கிப் பாரும்" என்றார்.

கல்யாணம் கட்டிய நாள் முதல் அரிசி மூட்டையை என்னைத் தொட விடாத மனுசன். மூச்சு வாங்குகிற இந்த நிலையிலும் கடைப் பையை என் கையிலிருந்து பறிக்கிறவர். இப்போது தள்ளி நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அடுப்பைத் தனக்கென்று அவர் பார்க்கவேயில்லை. என்ன மனுசனப்பா இது! சாகப்போகிறவர் என் குளிரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

குனிந்து தூக்கினேன். பெரிய பாரமில்லை. கொஞ்சம் உயர்த்திப் பொத்தென்று போட்டேன்.

"ஏலாது. என்னாலை ஏலாது. விறகையே எடுப்பம்."

நான் சொல்வது பொய்யென்று அவருக்குத் தெரியும். கடைக்காரன் பக்கம் திரும்பி, இதைவிடச் சின்னப் பை கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைக்கும் என்றான், அந்தப் பாவி.