சுடாத ஒம்போது ரிவால்வர்

எங்கிட்ட ஒம்போது ரிவால்வர் இருக்கு. ஒன்னுகூட சுடாது. இதை மொதல்லயே சொல்லிடறது நல்லது, லேட்டா சொன்னா கேக்கறவங்க மூஞ்சி அதுக்குள்ள ஒரு மாதிரி ஆயிடுது. பொம்பளைக்கு எதுக்குடி துப்பாக்கின்னு கேக்காத ஆள் இல்ல. புடவையா வாங்கி அடுக்கறவள யாராவது எதுக்குன்னு கேக்கறாங்களா? எனக்கு இது புடிச்சிருக்கு, வாங்கறேன். போய் அவங்கவங்க வேலையப் பாருங்க.

என்னன்னு சொல்லிடறேன். நூறு, நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல பேர் வாங்கின ரிவால்வர் மாடல் கொஞ்சம் உண்டு. குதிரை மேல போனவன் இடுப்புல தொங்கினது, பட்டாளத்து அதிகாரி வெச்சிருந்தது, அந்த மாதிரி. அந்தப் பழசெல்லாம் இப்ப மியூசியத்துலயும் பணக்காரங்க அலமாரியிலயும் தூங்குது. ஆனா அதே அளவு, அதே எடையில இப்ப புதுசா திரும்பச் செய்யறாங்க. சுடறதும் செய்யறாங்க, சுடாததும் செய்யறாங்க. சுடறத லைசென்ஸ் இல்லாம நம்ம நாட்டுல தொட முடியாது. சுடாததுல குழாய் உள்ள அடைச்சிருக்கும். மத்தபடி குண்டு போடற உருளை சுத்தும், விசைய இழுத்தா 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும். அந்த 'டக்'குக்கு நான் அடிமை.

சின்ன வயசுல தீபாவளி வந்தா பக்கத்து வீட்டுப் பசங்களுக்கெல்லாம் ரோல் கேப் துப்பாக்கி, பொண்ணுங்களுக்கு கம்பி மத்தாப்பு. நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம், ஆனா தீபாவளிக்கு வெடி இல்லாம எந்தப் புள்ளை இருக்கும்? நான் மத்தாப்ப குடுத்து துப்பாக்கிய வாங்கிக்குவேன். குடுக்கலன்னா புடுங்கிக்குவேன். அப்பவே எனக்கு மூக்கு மேல கோவம். இப்பவும் ஒன்னும் கொறைஞ்சிடல.

ஒரு தடவை சென்னையில ஒரு துப்பாக்கிக் கடைக்குள்ள போனேன். பழைய இங்கிலீஷ் மாடலப் பாத்து நம்ம நாட்டு ஃபேக்டரியில செஞ்ச ரிவால்வர் ஒன்னு கண்ணாடிக்குள்ள இருந்துச்சு. நெஜமா சுடறது. கடைக்காரர், "சாருக்கா மேடம்?"ன்னாரு. "எந்த சாரு? எனக்குத்தான்"னேன். லைசென்ஸ் கேட்டாரு, இல்லன்னேன். அப்ப கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கோங்கன்னு சிரிச்சாரு. நானும் ஆசை தீர பாத்துட்டு பஸ் ஏறிட்டேன்.

நான் வேலை பாக்கறது நெம்மேலியில, கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கற இடத்துல. லேப்ல தண்ணி சோதிக்கற வேலை, காண்ட்ராக்ட். குடியிருக்கறது மாமல்லபுரத்துல, ஒரு வாடகை வீட்டு மாடியில. கடல் பக்கம் இருந்தா காத்துல உப்பு. ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, சைக்கிள் செயின் எதையும் விடாது. என் ரிவால்வருங்களுக்கு மேல்பூச்சு அங்கங்க கொப்புளம் கட்டி உரிஞ்சுடும். அதனால ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு வந்ததும், ஒன்னொன்னா சுவத்துல இருந்து எறக்கி, தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் தொடைச்சு திரும்ப மாட்டுவேன். மாட்டியிருக்கற சுவரு, ஏசு படத்துக்கு நேர் எதிர்ச் சுவரு.

அதுதான் எங்க நைனாவுக்கு ஆகாது. நைனான்னா எங்க அப்பா. அம்மா போனப்புறம் அச்சரப்பாக்கத்துப் பக்கம் இருந்த எங்க காலனிய விட்டு எங்கூட வந்துட்டாரு. வாலிபத்துல அடுத்தவங்க நெலத்துல கூலி, அப்புறம் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினாரு. "ஏசு எதுக்க போய் துப்பாக்கிய மாட்டி வெச்சிகீறியே பாப்பா"ன்னு பொலம்புவாரு. "அவரே தெனமும் பாத்துகினு கீறாரு, ஒன்னும் சொல்லல. உனக்கு இன்னா?"ன்னு நான் கேப்பேன். மூஞ்சிய டிவி பக்கம் திருப்பிக்குவாரு.

பார்சல் வந்து நான் பிரிக்கும்போதும் இதே கதைதான். "நைனா, இத பாரேன், இது நடுவுல ஒடியும், ஒடிச்சா குண்டெல்லாம் தானா வெளிய வரும்"னு குழந்தை மாதிரி காட்டுவேன். அவரு டிவியில மீன் கொழம்பு வெக்கறத பாத்துகினு இருப்பாரு. நான் சுவத்துக்குத்தான் சொல்றேன்னு நெனைச்சுக்குவேன்.

நைனாகிட்ட ஒரு பழக்கம் உண்டு. காக்கிச் சட்டையக் கண்டா எழுந்து நின்னுடுவாரு. போலீசுன்னு இல்ல. கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு, கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவரு, யாரா இருந்தாலும் சரி. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கும்போது ஆட்டோக்காரர் காக்கிச் சட்டையோட வந்தாக்கூட டம்ளரோட எழுந்துடுவாரு. பாக்கறவங்க சிரிப்பாங்க. எனக்கு சிரிப்பு வராது, எரிச்சலா வரும்.

காரணம் எனக்குத் தெரியும். நான் பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நெலத்துல மோட்டார் திருடு போச்சு. யாரு எடுத்தாங்கன்னு தெரியாம காலனியில இருந்து அஞ்சாறு ஆம்பளைங்கள ஸ்டேஷனுக்கு இட்டுகினு போனாங்க. அதுல நைனாவும் ஒருத்தரு. ரெண்டு நாளு ராவும் பகலும் நிக்க வெச்சாங்களாம். அடிக்கல. உக்காருன்னு மட்டும் யாரும் சொல்லல. மோட்டார் எடுத்தது அந்த வீட்டு மருமகனே தான்னு அப்புறம் தெரிஞ்சுது. நைனா அதோட எந்த ஸ்டேஷன் வாசலும் மிதிக்கல. தன் போன் தொலைஞ்சப்பகூட, "போனா போவுது வுடு"ன்னுட்டாரு.

இந்த நெலமையில எனக்கு அரசாங்க வேலை ஒன்னு கெடைக்கற மாதிரி வந்துச்சு. பரிட்சை எழுதி, பேரு வந்து, சர்டிபிகேட் எல்லாம் பாத்தாச்சு. போலீஸ் விசாரணை ஒன்னுதான் பாக்கி. ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வந்து, இந்தப் பொண்ணு மேல கேஸு கீஸு இல்லன்னு எழுதிக் குடுத்தா வேலை. எங்க குடும்பத்துல அதுவரைக்கும் யாரும் சர்க்கார் சம்பளம் வாங்கினது இல்ல. எனக்கும் நைனாவுக்கும் ராத்திரி தூக்கமே இல்ல, அவரு பயத்துல, நான் சந்தோஷத்துல.

அப்பன்னு பாத்து எலக்‌ஷன் அறிவிச்சாங்க. லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க எல்லாம் பக்கத்து ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு டிவியில சொன்னாங்க. ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் சொல்றதுதான். நைனா சாப்பாட்டுத் தட்டுல கைய வெச்சுகினே, "உன் துப்பாக்கிய எப்ப குடுக்கப் போற?"ன்னாரு.

"இது பொம்மை நைனா. சுடாது. குடுத்தா சிரிப்பாங்க."

"அவுங்க வந்து பாக்கறப்ப மாட்டிகினு கீதே. எடுத்து எங்கனா போடு."

"நான் இன்னா திருடியா கீறேன், ஒளிச்சு வெக்க? சும்மா பேஜாரு பண்ணாத, சாப்புடு."

அவரு தட்ட எடுத்துகினு கழுவப் போயிட்டாரு. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சேன்.

மறுநாள் லேப்ல இருக்கும்போது போன் வந்துச்சு. "மேடம், ஸ்டேஷன்ல இருந்து பேசறோம். உங்க அப்பா ஒரு கட்டைப்பை நிறைய ரிவால்வர் கொண்டாந்திருக்காரு. கொஞ்சம் வரீங்களா?"

யார்கிட்ட என்ன சொல்லிட்டு கெளம்பினேன்னே ஞாபகம் இல்ல. ஸ்கூட்டிய எடுத்துகினு ஈசிஆர்ல வந்தேன். வழியெல்லாம் நைனாவ திட்டிகினே வந்தேன். போச்சு, எல்லாம் போச்சு, எந்த ஸ்டேஷன் எனக்கு நல்ல பேரு எழுதிக் குடுக்கணுமோ அங்கயே கொண்டுபோய் கொட்டியிருக்காரு மனுஷன். கண்ணு எரிஞ்சுது. ஹெல்மெட்டுக்குள்ள கத்தினா யாருக்குக் கேக்கும்?

ஸ்டேஷன்ல நொழைஞ்சா, சுவரோரமா நைனா நின்னுகினு இருக்காரு. பக்கத்துலயே காலி பெஞ்சு. மேஜை மேல என் ஒம்போது ரிவால்வரும் வரிசையா இருக்கு, கூடவே ஒரு கட்டு முருங்கைக்கீரை. பையில இருக்கறது வெளிய தெரியாம மறைக்க மேலாக வாங்கிப் போட்டிருக்காரு. நீளக் குழாய் ரிவால்வர் ஒன்ன ஒரு கான்ஸ்டபிள் கையில வெச்சு, ஒத்தைக் கண்ண மூடி ஃபேனுக்குக் குறி பாத்துகினு இருந்தாரு. என்னப் பாத்ததும் டக்குன்னு கீழ வெச்சுட்டாரு.

எஸ்.ஐ. ஒரு பொண்ணு. என்னவிட வயசு கம்மிதான் இருக்கும். "உக்காருங்க மேடம். உங்க அப்பா காலையில வந்து, எலக்‌ஷனுக்கு துப்பாக்கி குடுக்க வந்தேன்னு பைய மேஜை மேல கவுத்துட்டாரு. வாசல்ல நின்னவரு ஆடிப் போயிட்டாரு"ன்னாங்க. சிரிக்கறாங்களா மொறைக்கறாங்களான்னு எனக்குப் புரியல. "சுடாதுன்னு பாத்தாச்சு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். யாருதுன்னு கேட்டா, எல்லாம் என்னுதுதான்னு சொல்றாரு. எதுக்குய்யா வாங்கினீங்கன்னா, ஆசைக்குன்னாரு. இந்த வயசுல இவருக்கு இவ்ளோ ஆசையா, யாராவது இவர் தலையில கட்டி அனுப்பியிருக்காங்களான்னு, ஒன்னொன்னா எடுத்து இது என்னன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"எல்லாத்தையும் சொன்னாரு. இது குதிர மேல போறவன்து, இது நடுவுல ஒடியும், ஒடிச்சா குண்டு தானா வெளிய வரும். இந்த வளையம் கயிறு கட்டறதுக்கு, கீழ வுழாம இருக்க. இது கோட்டுப் பையில சிக்காம இருக்க பின்னாடி மூக்க மழுக்கினது. எனக்கே தெரியாதுங்க இதெல்லாம்."

நான் நைனாவப் பாத்தேன். அவரு ஃபேனப் பாத்துகினு இருந்தாரு. எல்லாம் நான் சொன்னது. மீன் கொழம்பப் பாத்துகினே ஒரு வார்த்தை விடாம கேட்டிருக்காரு.

பேசாம இருந்திருந்தா அது அவரு பேருலயே போயிருக்கும், என் வேலைக்கும் ஒன்னும் வந்திருக்காது. அது எனக்குத் தெரியாம இல்ல. ஆனா வாய் அதுவா தொறந்துச்சு. "மேடம், எல்லாம் என்னுது. அவரு ஒன்னுகூட கையால தொட்டது இல்ல."

"அதுக்கு இன்னா தெரியும் மேடம்? சின்னப் பொண்ணு, ஒளறுது. என்னுதுதான்"னாரு நைனா. எனக்கு முப்பத்தி நாலு வயசு.

"நைனா, வாய மூடிகினு இருக்கியா?"

எஸ்.ஐ. ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்தாங்க. "இங்க வர்றவங்க எல்லாம் என்னுது இல்ல, என்னுது இல்லன்னுதான் அடிச்சுப் பேசுவாங்க. என்னுது என்னுதுன்னு சண்டை போடறத இப்பதான் பாக்கறேன்"னாங்க. கான்ஸ்டபிள் அடக்க முடியாம சிரிச்சுட்டாரு. "பொம்மைய ஒப்படைக்க முடியாதுங்க. எடுத்துகினு போங்க. எலக்‌ஷன் முடியற வரைக்கும் வெளிய கொண்டாராதீங்க. பெரியவர மொதல்ல வீட்டுக்கு இட்டுகினு போங்க. காலையில இருந்து உக்காரு உக்காருன்னு சொல்றோம், நின்னுகினே இருக்காரு."

ஸ்கூட்டியில பின்னாடி உக்காந்து மடியில பைய புடிச்சுகினு வந்தாரு. மாடிப்படிகிட்ட வண்டிய நிறுத்தினதும் தாங்க முடியல. "எதுக்கு நைனா உன்னுதுன்னு சொன்ன? கேஸு போட்டுட்டா இன்னா பண்ணியிருப்ப?"

"என் பேருல போட்டா போட்டுகினு போறாங்க. நான் இன்னா உத்தியோகத்துக்கா போகப் போறேன்?"

எனக்கு அழுகை பொத்துகினு வந்துச்சு. கோவமும் வந்துச்சு. "உக்காரச் சொன்னாங்க இல்ல, உக்கார வேண்டியதுதானே? காலு வலிக்கல?"

"சொன்னாங்க பாப்பா"ன்னாரு. "அந்தப் பொண்ணு நாலஞ்சு தபா சொல்லிச்சு"ன்னாரு. ஏதோ பரிசு வாங்கின மாதிரி மூஞ்சி.

சாயங்காலம் நான் ரிவால்வர எல்லாம் பெட்டியில போட்டு பரண்ல ஏத்தப் போனேன். எனக்கும் பயம் வந்துடுச்சு. நைனாதான் பெட்டிய புடிச்சு எறக்கி, "மாட்டு. அவங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே, இனிமே எதுக்கு ஒளிச்சுகினு"ன்னாரு. எந்த ஆணியில எதுன்னு அவரே எடுத்து எடுத்துக் குடுத்தாரு. ஒன்னுகூட தப்பு இல்ல.

வேலை கெடைச்சுதான்னு கேப்பீங்க. கெடைச்சுது. அதை இப்பவே சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்ல வந்தது அது இல்ல.

விசாரணைக்கு வந்தது அந்த ஃபேனுக்குக் குறி பாத்த கான்ஸ்டபிளே தான். ஒரு காலையில நாஸ்தா முடிச்சு நைனா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து டிவி பாத்துகினு இருந்தாரு. கதவு தொறந்தே இருந்துச்சு. படியில பூட்ஸ் சத்தம், அப்புறம் வாசல்ல காக்கி. "துப்பாக்கிப் பெரியவர் வூடு இதானே?"ன்னு சிரிச்சுகினே உள்ள வந்தாரு.

நான் அடுப்படியில இருந்து நைனாவையே பாத்தேன். கை ரெண்டும் சேரோட கைப்பிடிய இறுக்கிப் புடிச்சுது. எழுந்துடப் போறாருன்னு நெனைச்சேன்.

"வா சார், அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காரு"ன்னாரு நைனா. எழுந்திருக்கல.