கண்ணாடி துடைத்தவர்

கண்டியில் ஒரு தேயிலைக் கொம்பனி, தன் தரும நிதியை எந்தப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துவர ஒருவரை அனுப்பும். பன்விலவில் தோட்டப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பள்ளிக்கும் அவர் வந்தார். யாழ்ப்பாணத்தவர்; கறுத்தக் கோட்டு, வெள்ளி விளிம்புக் கண்ணாடி. பிள்ளைகள் பதில் சொல்லத் தொடங்கினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கேட்கிறாரா என்றே தெரியாது.

நான் பெருமைக்காக ஒரு சிறுமியிடம் பத்திரிகையைக் கொடுத்தேன். தோட்டக் கூலியைப் பற்றிய செய்தியைத் தடுமாறாமல் வாசித்தாள். அவர் சட்டென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எல்லாரும் இப்பிடி வாசிப்பினமோ, மாஸ்டர்?"

"எல்லாருமே வாசிப்பாங்க, ஐயா."

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "பேப்பர் வாசிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொம்பனி ஒண்டும் தராது. தேவாரம் மட்டும் படிக்கினம் எண்டு எழுதிவிடுறன்."

கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

அடுத்த மாதமே பிள்ளைகள் உட்காரப் புது வாங்குகளும், எழுதச் சிலேட்டுகளும் வந்து இறங்கின. கூடவே கொம்பனியின் கடிதம்: பள்ளிக்குப் பத்திரிகை கொண்டுவந்து கொடுப்பவர் யார் என்று உடனே தெரிவிக்க வேண்டுமாம்.

நான் பதில் போடவில்லை. வாங்குகளைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. அன்று நான் போட்ட கும்பிடு சரியான ஆளுக்குத்தான் போனதா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.